காக்கா கிண்டிய களி

கபேவா என்றால் பரங்கிக்காய். குபேவா என்றால் வெண்டைக்காய். நைஜீரியாவின் கானோ நகரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஹவுஸா மொழியில் எனக்குத் தெரிந்தது மொத்தம் இருபது சொல் இருக்கும். அந்த இருபதுக்குள் இந்த இரண்டும் இருந்ததுதான் வினை. பொங்கலுக்குப் பரங்கிக்காய் வேண்டும், பெரிதாகவே வாங்கி வாருங்கள் என்று வாசல் காவலரிடம் காசைக் கொடுத்துக் கையை அகல விரித்துக் காட்டினேன். நான் சொன்ன சொல் குபேவா. அகலக் கையைப் பார்த்து, நிறைய வேண்டும்போல என்று அவர் எடுத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் ஒரு கோணிப்பை வெண்டைக்காயோடு வந்து நின்றார். அங்கேயும் நம் ஊர் மாதிரி கூறு கட்டித்தான் விற்பார்கள். சந்தையில் இருந்த கூறு அத்தனையையும் வாரிக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

அந்த வாரம் முழுக்க வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய் மோர்க்குழம்பு. என் வீட்டுக்காரர் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அலுவலகத்தில் சிரிப்பு. காவலர் டிரைவரிடம் சொல்ல, டிரைவர் கணக்குப் பிரிவில் இருந்த நண்பரிடம் சொல்ல, அவர் தன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்த அம்மா சொன்ன பதில் இரண்டு பகுதியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஒன்று, மீதி வெண்டைக்காயை நறுக்கிக் காயப்போடச் சொல், பொடித்து வைத்தால் வருஷம் முழுக்க ஆகும். இரண்டு, வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா, கபேவா எது என்று நான் காட்டுகிறேன்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தச் சாப்பாடு. 2018 ஜனவரி.

அதற்கு முந்தைய நாள் நண்பர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் வழக்கமில்லை என்றதும், சரி, ஆடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. எத்தனையோ வீட்டில் விருந்துக்குப் போய், பரிமாறிய பிறகு இலையைப் பார்த்து விழித்திருக்கிறேன். முந்தைய நாளே கேட்டுக்கொண்டவர்கள் குறைவு.

வீடு பழைய நகரத்துக்குள் இருந்தது, டாலா குன்று தெரியும் ஒரு சந்தில். ஹர்மட்டான் காற்றுக் காலம். சஹாராவிலிருந்து வரும் புழுதி ஊரின் மேல் பழுப்பாக ஒரு துணி போர்த்தின மாதிரி நிற்கும், சூரியன் வெள்ளைத் தட்டாகத் தெரியும், உதடு வெடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீடு ஒரு மண்சுவரும் ஒரு கதவும், அவ்வளவுதான். கதவைத் தாண்டினால் ஸவ்ரே என்கிற முன்னறை. ஆண் விருந்தாளிகளுக்கு எல்லை அதுதான். என் வீட்டுக்காரரை அங்கே பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். என்னையும் மகளையும் ஒரு சிறுமி கையைப் பிடித்து இன்னொரு வாசல் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போனால் திறந்த முற்றம், வேப்பமரம், சுற்றிலும் அறைகள், கொடியில் துணி, கோழிகள். மூன்று மகன்களின் குடும்பம் அந்த ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தது.

அங்கே பெண்கள் கண்டபடி வெளியே போவதில்லை. அதற்குக் குல்லே என்று பெயர். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு முற்றத்தில் எனக்கு மொழிபெயர்த்த இரண்டாவது மருமகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. காலையில் ஸ்கூலுக்குப் போய்விட்டு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் விருந்துக்குப் போய் ஒரு ஊரை அளந்துவிட முடியாது என்று கருத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

நண்பரின் அம்மாவை எல்லாரும் ஹாஜியா என்றார்கள். ஹஜ் போய் வந்தவர். எழுபது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, முன்கை மட்டும் உரல் குத்தியவரின் முன்கை. பேரப்பிள்ளைகள் அவரைக் காக்கா, காக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். "எங்கேம்மா காக்கா?" ஹவுஸாவில் காக்கா என்றால் பாட்டி. மருமகள்கள் அவரைக் கூப்பிட்டது மாமா என்று. அங்கே மாமா என்றால் அம்மா. அவர் என்னைக் கூப்பிட்டதோ யாத்தா. என் மகளே என்று பொருளாம். எங்கள் தருமபுரிப் பக்கம் ஆத்தா என்றால் அம்மா, அம்மன், செல்லமாகக் கூப்பிட்டால் மகளும்தான். அதனால் அந்தச் சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன சொல் மைகிடா. கிடா என்றால் வீடு, மை என்றால் உடையவர். அட, வீட்டுக்காரர்! மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை. அதோடு நிற்கவில்லை, தாய் தன் தலைச்சன் பிள்ளையின் பெயரையும் சொல்ல மாட்டாளாம். ஹாஜியா என் வீட்டுக்காரரின் நண்பரை அன்று முழுக்க 'அவன்', 'ஸவ்ரேயில் இருக்கிறவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அவர்தான் மூத்தவர். இந்தக் கூச்சத்துக்குக் குன்யா என்று பெயர். என் ஆயா கடைசி வரை தாத்தா பெயரைச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்லச் சொல்லும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

அன்றைக்கு துவோன் ஷின்காஃபாவும் மியான் தௌஷேயும். துவோ என்பது களி. ஷின்காஃபா அரிசி. மியா என்றால் குழம்பு, சூப் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர். சோளத்தில் கிண்டினால் துவோன் டாவா, மக்காச்சோளத்தில் துவோன் மசாரா, கம்பில் துவோன் கேரோ. அன்றாடத்துக்கு இவைதான். அரிசியில் கிண்டுவது வெள்ளிக்கிழமைக்கும் பெருநாளுக்கும் விருந்தாளிக்கும். சோறாக வடித்து மேலே சிவப்புக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவதும் கானோவில் உண்டு, தெருக்கடை எல்லாவற்றிலும் அது கிடைக்கும். ஆனால் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தால் துவோதான் மரியாதை.

அதற்கென்று தனி அரிசி. குட்டையான, வெள்ளை வெளேரென்ற உள்ளூர்ப் பச்சரிசி. வெந்தால் ஒட்டிக்கொண்டு குழையும். முதல் மருமகள் சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டிய குவார்யாவில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டு, கையைச் சாய்த்துச் சாய்த்து அலசி, அரிசியை இன்னொரு குடுக்கைக்கு அலை அலையாகத் தள்ளினாள். கடைசியில் குடுக்கையின் அடியில் ஐந்தாறு கல் மிச்சம். இதைப் பார்க்க எனக்கு ஒரு கணம் தொண்டை அடைத்தது. அரிசி அரிப்பது. கடைகளில் கல்லில்லாத அரிசி பாக்கெட்டில் வந்த பிறகு இதை நான் கண்ணால் பார்த்தே இருபது வருஷம் இருக்கும்.

மூன்று கல் அடுப்பில் பெரிய அலுமினியப் பானை. தண்ணீர் தாராளம். அரிசி வெந்து, குழைந்து, கஞ்சிப் பதம் தாண்டிக் கட்டியாகத் திரள ஆரம்பித்ததும் ஹாஜியா எழுந்தார். மருமகள்கள் யாரும் கேட்காமலே விலகிக்கொண்டார்கள். சுவரில் சாய்த்திருந்த மூச்சியாவை எடுத்தார். முழங்கை நீளத்துக்கும் மேல் இருக்கும் மரத்துடுப்பு, நுனி தட்டையாகத் தேய்ந்து வழுவழுத்திருந்தது. ஒரு காலை முன்னால் ஊன்றிக்கொண்டு, பானையின் சுவரில் வைத்து அழுத்தி இழுத்தார். அடியில் இருப்பது மேலே புரண்டு வந்தது. மறுபடியும் அழுத்தி இழுத்தார். பருக்கை ஒவ்வொன்றாக உடைந்து பசையாகிக்கொண்டிருந்தது. ஒரு மருமகள் பழந்துணியால் பானையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். பானை நகர்ந்தால் வெள்ளை எரிமலைதான். பத்து நிமிஷம் கழித்து மூடிவிட்டு, விறகைப் பின்னால் இழுத்து, அனலில் புழுங்க விட்டார். பிறகு மறுபடியும் ஒரு கிண்டல். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. நான் பார்த்துக்கொண்டே வியர்த்தேன்.

எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு ஆயா கவைக்கோல் வைத்திருந்தது. பானையை அடுப்பிலிருந்து இறக்கி, கவைக்கோலால் அணை கொடுத்துக் காலால் மிதித்துக்கொண்டு, துடுப்பால் களியைக் கிண்டும். நொய்யை முதலில் வேகவிட்டு, கேழ்வரகு மாவை நடுவில் குவித்து, மாவு வெந்ததும் கிண்டுவது எங்கள் முறை. இங்கே மாவில்லை, வெறும் அரிசி. ஆனால் முதுகு வளையும் விதமும், துடுப்பு பானையில் இடிக்கும் சத்தமும், பக்கத்தில் பேசுகிறவர்களை வாயை மூட வைக்கும் அந்த மும்முரமும் அப்படியே.

குழம்பு இன்னொரு அடுப்பில் முன்னமே கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறி வெந்த சாற்றில் பரங்கிக்காய்த் துண்டங்கள். "கபேவா," என்று ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார் ஹாஜியா. முற்றமே சிரித்தது. காய் வெந்ததும் மசித்து விட்டார்கள். சிவப்பு மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடித்த விழுது. பிறகு அரைத்த பச்சை நிலக்கடலை. குழம்பு அதில்தான் கெட்டிப்படுகிறது.

கடலைக்கும் கானோவுக்கும் பெரிய கதை உண்டு. 1911இல் ரயில் வந்த பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்துக் கடலை முழுக்க கானோவில் வந்து குவிந்தது. மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக, எகிப்துப் பிரமிடு மாதிரியே அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு காலத்தில் நைஜீரியா என்றால் அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். 1970களின் வறட்சி, செடிக்கு வந்த ரோசெட் நோய், அப்புறம் நாடே பெட்ரோலியத்தின் பக்கம் திரும்பியது, எல்லாம் சேர்ந்து பிரமிடுகள் காணாமல் போயின. ஹாஜியா சின்னப் பெண்ணாக இருக்கும்போது அதைப் பார்த்திருக்கிறார். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். வேப்பமரத்தைக் காட்டி, இது ஒன்றுமே இல்லை என்று கையை ஆட்டினார்.

கடைசியாகக் கீரை. மூன்றாவது மருமகள் முறத்தில் ஆய்ந்து கொண்டுவந்ததைப் பார்த்ததும் நான் தமிழிலேயே கத்திவிட்டேன். "ஐயோ, புளிச்சக்கீரை!" ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன், அதே புளிப்பு. அவர்கள் யாகுவா என்கிறார்கள். ஊரில் இதைப் பச்சை மிளகாயோடு வேகவைத்து, மத்தால் கடைந்து, களிக்குத் தொட்டுக்கொள்வோம். அவர்கள் கடலைக் குழம்பில் பரங்கியின் இனிப்பை முறிக்கப் போடுகிறார்கள். புளி இல்லாத ஊரில் குழம்பு வைப்பார்களா என்று நான் கவலைப்பட்டதற்கு அந்தக் கீரை பதில் சொல்லிவிட்டது.

ஒன்றை விட்டுவிட்டேன். விட முடியாத விஷயம். கொதி வரும் சமயத்தில் ஹாஜியா ஒரு டப்பாவைத் திறந்தார். சாக்கடை அடைத்துக்கொண்டதோ என்று நான் தரையைப் பார்த்தேன். மகள் என் புடவைத் தலைப்பில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள். கறுப்பாக, கோலிக்குண்டு போல உருண்டை. டடாவா. டொராவா என்கிற மரத்தின் கொட்டையை நாள் கணக்கில் வேகவைத்து, தோல் நீக்கி, மறுபடி வேகவைத்து, மூடி வைத்துப் புளிக்க விட்டு, உருட்டிக் காயவைப்பது. ஒரு உருண்டையை நசுக்கிக் குழம்பில் போட்டார். பத்து நிமிஷத்தில் அந்த நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பதிலாகக் குழம்பிலிருந்து கனமான ஒரு மணம், கறியின் மணத்தைவிட ஆழமாக வந்தது. பெருங்காயத்தை முதல்முதலாக மோந்து பார்க்கிற வெள்ளைக்காரன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான் என்று யோசித்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் கால் கிலோ டடாவா எடுத்துவர நினைத்ததும், வீட்டுக்காரர் ஒரே பார்வையில் அதைத் தடுத்ததும் வேறு கதை.

வேலை நடக்கும்போதே பாட்டு வேறு. கானோவில் இந்தியர் என்றால் இந்திப் படம்தான். தாத்தா பாட்டி காலத்திலிருந்தே தியேட்டரில் ஓடியிருக்கிறது, நபியைப் போற்றும் பாடல்களைக்கூட இந்திப் பாட்டு மெட்டில் பாடுவார்களாம். இப்போது இளவட்டங்கள் எல்லாம் ஹவுஸாவில் டப் செய்த இந்தியப் படங்களை செல்போனில் பார்க்கிறார்கள். ஹாஜியா ஒரு பழைய இந்திப் பாட்டின் முதல் இரண்டு வரியைப் பாடிவிட்டு, மிச்சத்தை நீ பாடு என்று என்னைப் பார்த்தார். எனக்கு இந்தி வராது. எங்கள் ஊரில் வேறு மொழி என்று மருமகள் வழியாக விளக்கினேன். இந்தியாவிலிருந்து வந்துவிட்டு இந்தி தெரியாது என்கிறாளே என்று ஹாஜியா என்னைப் பார்த்த பார்வையை டெல்லியில்கூட நிறைய வாங்கியிருக்கிறேன்.

துவோ தயாரானதும் ஒரு சின்னக் கிண்ணத்தைத் தண்ணீரில் முக்கி, களியை அள்ளிப் போட்டு, இரண்டு சுழற்று சுழற்றினார்கள். பந்து மாதிரி வழுவழுவென்று ஒரு வெள்ளை உருண்டை. ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஹாட்பாக்ஸில் அடுக்கினார்கள். முதல் தட்டு ஸவ்ரேயில் இருந்த ஆண்களுக்குப் போனது. அடுத்த கிண்ணம் பக்கத்து வீட்டுக்கு. ஒரு பொடியன் தலையில் வைத்துக்கொண்டு ஓடினான். பிறகுதான் எங்களுக்கு.

பாய் விரித்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு தாம்பாளம், பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, வாண்டுகளுக்கு ஒன்று. பூப்போட்ட எனாமல் தாம்பாளத்தில் நடுவே உருண்டைகள், ஆழமான கிண்ணத்தில் குழம்பு. மேலே ஹாஜியா ஒரு கரண்டி மான் ஷானு விட்டார். மாட்டு எண்ணெய் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம், ஆனால் நெய்யேதான். மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்துப் பெண்கள் மோரும் நெய்யும் தலையில் சுமந்து தெருவில் விற்பார்கள். நம் நெய்யைவிடக் கொஞ்சம் புளித்த வாடை, காராம்பசு நெய் மாதிரி என்று பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பிஸ்மில்லா என்றார் ஹாஜியா. எல்லார் கையும் இறங்கியது. அவரவர் எதிரே இருக்கிற பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், நடுவில் கை போகக் கூடாது. வலது கைதான் என்பதால் அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குப் பாடம் தேவைப்படவில்லை. நான் ஒரு துண்டு பிய்த்து, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டு, நன்றாக மென்றேன்.

வாண்டுகளின் தாம்பாளத்தில் ஒருத்தி கையை நிறுத்திவிட்டு என் தாடையையே பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. ஆசிரியை மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதை மெல்ல வேண்டாம், விழுங்குங்கள்," என்றாள்.

எனக்குக் காது சூடானது, வெட்கத்தினால் மட்டும் அல்ல. அதே வாக்கியத்தை எனக்கு முதலில் சொன்னது என் ஆயா. களி உருண்டையைக் கட்டை விரலால் குழி செய்து, அதில் குழம்பை ஏந்தி, நாக்கில் வைத்து, அப்படியே தொண்டைக்கு வழுக்கிவிட வேண்டும். 'மென்னு தின்னா அது களியா, முழுங்குடி' என்று தலையில் தட்டும். எட்டு வயது வரை தினம் ஒரு வேளையாவது அதுதான் எங்களுக்குச் சாப்பாடு. அப்புறம் வீட்டில் நெல்லுச்சோறு வந்தது. சென்னை ஹாஸ்டலில் யாராவது உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், சோறுதான் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். களி என்றால் ஜெயில் களி என்று சிரிப்பார்கள் என்கிற பயம். முப்பது வருஷத்தில் தொண்டை அந்த வித்தையையே மறந்துவிட்டிருந்தது.

இரண்டாவது வாயை விழுங்கினேன். போனது. பரங்கியின் இனிப்பு முதலில், கடலையின் கொழுப்பு, பின்னாலேயே கீரையின் புளிப்பு, எல்லாம் போன பிறகு மிளகாய் வந்து உட்கார்ந்தது. துவோவுக்குத் தனியாக ருசியே இல்லை, உப்புகூடப் போடுவதில்லை. குழம்பைத் தொண்டை வரை கொண்டுபோய் விடுவதுதான் அதற்கு வேலை.

அப்போது ஒன்று தோன்றியது, இன்று வரை அது போகவில்லை. எங்கள் ஊருக்கு அரிசி வந்தபோது களி தோற்றுப்போனது. முதலில் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் சோறு, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் ரேஷன் அரிசி, 2011இலிருந்து அதுவும் இலவசம். அரிசி வந்ததும் சாப்பிடும் விதமே மாறியது. துடுப்பும் கவைக்கோலும் பரணுக்குப் போயின, கடைசல் போய் சாம்பார் வந்தது. இந்த முற்றத்திலும் அரிசிதான் உசத்தி, அதுதான் விருந்து. ஆனால் அரிசியைத் துடுப்பால் அடித்துத் தங்கள் களியாக்கிவிட்டுத்தான் விருந்தென்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். விருந்தாளி பெரிய இடமாக இருக்கலாம், ஆனால் இந்த வீட்டுப் பாயில்தான் உட்கார வேண்டும் என்கிற மாதிரி. இத்தனைக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அரிசி புதிதில்லை. நைஜர் ஆற்றின் உட்பகுதி டெல்டாவில் ஏறக்குறைய 3,000 வருஷத்துக்கு முன்னாலேயே தங்களுக்கென்று ஒரு நெல்லைப் பழக்கி எடுத்திருக்கிறார்கள். அது நம் நெல்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

கறித்துண்டுகளை யாரும் தொடவே இல்லை. துவோ முடியும் தறுவாயில் ஹாஜியா கிண்ணத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்தார். சின்னதுக்குச் சின்னது, பெரிதுக்குப் பெரிது, ஒரு சண்டை இல்லை. என் மகளுக்கு எலும்போடு ஒரு பெரிய துண்டு கிடைத்தது. போதும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நா கோஷி, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னேன். உடனே இன்னொரு அரை உருண்டை வைத்தார்கள். இதற்கு எதற்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

வரும்போது ஒரு ஹாட்பாக்ஸில் நான்கு உருண்டை, ஒரு தூக்கில் குழம்பு. காலையில் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டுமாம். மறுநாள் சூடாக்கிய துவோவுக்குத் தூமாமே என்று தனிப் பெயரே இருக்கிறது. சிலர் துவோவைவிட அதற்குத்தான் அடிமை என்றார்கள். நம்புகிறேன். ராத்திரிக் களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, விடிந்ததும் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடித்தவளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஸவ்ரேயிலிருந்து எழுந்து வந்த என் வீட்டுக்காரர் சேலத்துக்காரர், சோறு இல்லாமல் கை நனைக்காதவர். காரில் ஏறியதும், "இட்லி மாவைப் பிசைந்து உருட்டின மாதிரி இருந்தது, ஆனால் அந்தக் குழம்பு!" என்றார். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த முற்றத்துக்கு எத்தனை முறை போனேன் என்று கணக்கில்லை. பணியாரச் சட்டி மாதிரியே குழிவைத்த சட்டியில் ஹாஜியா அரிசி மாவில் மாசா சுட்டுக்கொடுத்தார். பாவோபாப் என்கிற பெருக்க மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்து வைக்கும் மியான் குக்காவும் சாப்பிட்டேன். இலங்கையின் மன்னாரில் ஒரு பெருக்க மரத்தைத் தேடிப் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அங்கே வயலுக்கு வயல் நிற்கிறது. அந்தப் பொடியைக் கொதிக்கும் சாற்றில் தூவிக்கொண்டே மாபுர்கி என்கிற மத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் சுழற்றுவார்கள். கட்டி தட்டாமல் பச்சையாக, கொழகொழவென்று வரும். எனக்கு மிகவும் பிடித்துப்போய் ஒருநாள் முற்றம் கேட்கும்படி, எனக்குக் குக்கா ரொம்பப் பிடிக்கும் என்றேன். நிசப்தம். கடைசி அசையைத் தாழ்த்திச் சொன்னால்தான் பெருக்க மரம். தாழ்த்தாமல் சொன்னால் அழுகை. எனக்கு அழ ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். ஹாஜியா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னாராம்.

2019 ஆகஸ்டில் நைஜீரியா தன் நில எல்லைகளை மூடியது. பக்கத்து நாடான பெனின் வழியாக வரும் வெளிநாட்டு அரிசியைத் தடுப்பது காரணங்களில் ஒன்று. கடைகளில் அரிசி விலை ஏறியது. அந்த வெளிநாட்டு அரிசியில் நம் ஊர்ப் புழுங்கல் அரிசியும் உண்டு. ஹாஜியா அசரவில்லை. அவர் வாங்குவது எப்போதும் கானோவுக்குத் தெற்கே இருக்கும் குரா ஊர்ப் பக்கத்து அரிசி. 1974இல் கட்டிய திகா அணைத் தண்ணீரில் விளைவது. கல் இருக்கும், அரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வருஷக் கடைசியில்தான் சந்தையில் ஒரு மூட்டையின் வாயில் கையை விட்டேன். பழுப்புச் சிவப்பாக, கடுகளவு தானியம். என்ன என்று கேட்டேன். தம்பா என்றார் கடைக்காரர். கேழ்வரகு. நியாயமாக நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. கேழ்வரகும், கம்பும், சோளமும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி நம் மானாவாரிக் காடுகளுக்கு வந்தவைதான். இரண்டு படி அளந்து வாங்கி, மாவாக அரைத்து, ஹாஜியாவையும் மருமகள்களையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன்.

மூச்சியாவைக் கடன் வாங்கினேன். கவைக்கோலுக்கு வழியில்லாததால் வீட்டுக்காரர் பானையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, மாவைக் கொட்டிக் கட்டி தட்ட விட்டுவிட்டேன் என்று விமர்சனமும் செய்தார். கட்டி கொஞ்சம் தட்டியதுதான். யாகுவாவைப் பச்சை மிளகாய் போட்டுக் கடைந்து தனியாக மூடி வைத்திருந்தேன். ஹாஜியா நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார். பானை மூடியைத் திறந்தேன். ஆவி போகும் வரை காத்திருந்து, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

"களி."

ஹாஜியா குனிந்து பானைக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். பார்த்தாயிற்று, பெயர் என்ன என்றார்.

"களி," என்றேன், இந்த முறை சத்தமாக.

அவர் மறுபடியும் குனிந்து, இன்னும் உள்ளே தலையை விட்டுக் கவனமாகப் பார்த்தார். பின்னால் ஆசிரியை மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஹவுஸாவில் கல்லி என்றால் பார் என்று அர்த்தம்.

கடைசியில் ஹாஜியாவே விரலால் ஒரு துண்டு கிள்ளி, வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினார். "துவோன் தம்பா," என்றார். பிறகு அடுப்பின் மேல் வேறு பாத்திரம் ஏதும் இல்லாததைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கவலையோடு கேட்டார்: "மியா எங்கே?"